சுமை சுமந்த செர்ப்பன்ஸ்

கடற்போர் என்றதும் பீரங்கி முழங்கும் போர்க்கப்பல்களே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அந்தப் பீரங்கிகளுக்குக் குண்டுகளையும் வீரர்களுக்கு உணவையும் கொண்டு சேர்த்த சரக்குக் கப்பல்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவும் ஜப்பானும் பசிபிக் பெருங்கடலின் சிறுசிறு தீவுகளில் பொருதன. அத்தீவுகளில் நின்ற அமெரிக்கப் படைக்கு வேண்டிய மருந்தும் எரிபொருளும் ஊர்திகளும் பல்லாயிரம் கிலோமீட்டர் கடல் கடந்தே வந்தாக வேண்டும். அவற்றைச் சுமந்த கப்பல்களுள் ஒன்று ‘செர்ப்பன்ஸ்’.

1943 மார்ச் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் இதன் பணி தொடங்கியது. ஏப்ரல் 5 அன்று கப்பல் நீரில் இறங்கிவிட்டது. இடைப்பட்டவை 26 நாள்களே! பகுதிகளைத் தனித்தனியே செய்து, பின்னர்ப் பற்றவைத்து இணைக்கும் முறையால் இவ்விரைவு கைகூடியது. ‘லிபர்ட்டி’ வகை எனப்பட்ட இத்தகைய கப்பல்கள் 2,700க்கும் மேற்பட்டவை போர்க்காலத்தில் கட்டப்பட்டன. ஏறத்தாழ 135 மீட்டர் நீளமும் ஐந்து சரக்கறைகளும் கொண்ட இவை 10,000 டன் வரை சுமந்தன. வேகமோ மணிக்கு 20 கிலோமீட்டர் அளவே. மிதிவண்டியில் விரைந்து செல்பவர் எட்டும் வேகம் அது.

பெஞ்சமின் கார்டோசோ என்னும் நீதிபதியின் பெயரைத் தாங்கியிருந்த இக்கப்பலுக்குக் கடற்படை புதுப்பெயர் சூட்டியது. செர்ப்பன்ஸ் என்பது பாம்பு வடிவ விண்மீன் கூட்டமொன்றின் பெயர். போர்க்காலத்தில் கடற்படையின்கீழ்ப் பணியாற்றிய கடலோரக் காவல்படையினரே இதனைச் செலுத்தினர்.

1943 மே மாதம் பணியேற்ற செர்ப்பன்ஸ், தென்பசிபிக் தீவுகளுக்கிடையே சரக்கேற்றியும் இறக்கியும் திரிந்தது. சொல்வதற்கு எளிய வேலை, செய்வதற்கு அப்படியன்று. பெருங்கப்பல் அணையத்தக்க துறைமேடைகள் அத்தீவுகளில் அரிது. எனவே கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். படகுகள் வந்து அணையும். பாரந்தூக்கிகள் ஒவ்வொரு சுமையாக மேலெடுத்துச் சரக்கறைக்குள் இறக்கும். வெயிலிலும் இரவிலும் தொடரும் இவ்வுழைப்புக்கு வீரப்பதக்கம் கிடைப்பது அரிது. ஆயினும் இது நின்றால் போர்முனையில் துப்பாக்கியும் நின்றுவிடும்.

1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பழுதுற்ற ஊர்திகளை ஏற்றிக்கொண்டு செர்ப்பன்ஸ் நியூசிலாந்து சென்றது. அங்கே அதன் மூன்று சரக்கறைகள் வெடிபொருள் வைப்பதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டன. பின்னர்ச் சாலமன் தீவுகளுக்குத் திரும்பியது.

1945 சனவரி 29 அன்று குவாடல்கனால் தீவின் லுங்கா கடற்கரைக்கு அப்பால் அது நங்கூரமிட்டிருந்தது. அத்தீவில் போர் ஓய்ந்து ஏறக்குறைய ஈராண்டுகள் ஆகியிருந்தன. போர்முனை பிலிப்பைன்சுக்கு நகர்ந்துவிட்டது. கப்பலிலோ நீரடி வெடிகுண்டுகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. கடலில் இட்டதும் மூழ்கி, குறித்த ஆழத்தின் நீரழுத்தத்தால் வெடித்து, நீர்மூழ்கிக் கப்பலைத் தகர்ப்பவை அவை. மாலுமிகளோடு தரைப்படை வீரர்களும் சுமைப்பணியில் ஈடுபட்டிருந்தனர். இரவு 11.18 மணிக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. அணியம் எனப்படும் முன்பகுதி மட்டுமே நீர்மேல் தெரிந்தது. அதுவும் விரைவில் மூழ்கியது. ஏறத்தாழ 250 பேர் மாண்டனர். கப்பலில் இருந்தோருள் உயிர்தப்பியவர் அணியத்தில் இருந்த இருவர் மட்டுமே. கப்பல் தலைவரும் வேறு எழுவரும் அப்போது கரையில் இருந்தமையால் பிழைத்தனர்.

பகைவரின் தாக்குதலே காரணம் என முதலில் கருதப்பட்டது. போர்க்காலத்தில் அவ்வாறு எண்ணுவது இயல்புதானே! எஞ்சிய சான்றுகளைக் கொண்டு காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றது விசாரணைக் குழு. 1949ஆம் ஆண்டளவில் கடற்படை தன் முடிவை அறிவித்தது: பகைவர் செயலன்று, சரக்கேற்றும் பணியிலேயே நேர்ந்த விபத்து. எந்தக் கணத்தில், எதனால் என்பதைச் சொல்லத்தக்கவர் எவரும் மிஞ்சவில்லை.

குவாடல்கனாலில் புதைக்கப்பட்டிருந்த உடல்களை இன்னார் இன்னார் எனப் பிரித்தறிய முடியவில்லை. 1949 சூன் 15 அன்று அவை 52 பேழைகளில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டு, 28 குழிகளில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் அவ்விடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. தனித்தனிக் கல்லறை பெறாத அவர்களின் பெயர்கள் அதில் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன.