பென்ஸ் வாங்கலாமா, அண்ணே?

“பிரிமியோ ஒன்று வாங்குகிற காசுக்கு பென்ஸே வருதே அண்ணே, வாங்கலாமா?”

இந்தக் கேள்வியோடு என்னைத் தேடி வருகிறவர்கள் இப்போது கூடிப்போனார்கள். எல்லயில் அறை வாடகைக்கு விடுகிறவர், பதுளையில் படிப்பிக்கும் ஆசிரியர், பசறையில் ஹார்ட்வெயார் கடைக்காரர் என்று பல வகை ஆட்கள். நான் மெக்கானிக் இல்லை. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, எல்லயில் ஹயர் ஓடிப் பிழைக்கிறவன். பலருடைய வண்டியையும் ஓட்டிப் பழகிய கை என்பதால், கார் பார்க்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பகல் சாப்பாடு கிடைக்கும். நான் சொல்வதைக் கேட்பார்களா என்பது வேறு கதை.

பழைய பென்ஸும் ஜப்பான் காரும் ஒரே விலைக்கு வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருசம், நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. பிரிமியோ, அலியன், வேகன் ஆர் எல்லாம் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றன. இறக்குமதி திறந்த பிறகும் சுங்கத் தீர்வை, எஞ்சின் அளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, சொகுசு வரி, 18 வீத வற் வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவதால், புதுக் கார் சம்பளக்காரருக்கு எட்டாது. ஜப்பான் காரை எந்தக் கராஜிலும் திருத்தலாம், எப்போதும் விற்கலாம் என்ற நம்பிக்கையில் ஆட்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பென்ஸைக் கண்டால் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைத்தான் தரகர் ‘சல்லிசான விலை’ என்கிறார்.

பயம் முழுக்க வீண் இல்லை. பண்டாரவளையில் ஒரு சிங்கள மெக்கானிக் பாஸ் இருக்கிறார். நம்முடைய பேச்சை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். கார் பார்க்க வருகிறவர்களிடம் அவர் சொல்வது இதுதான்: “காருக்குத்தான் தம்பி வயசு போகுது. சாமானுக்கு வயசு போகாது.” 15 வருசத்தில் பென்ஸின் விலை கீழே இறங்கிவிடும். அதற்குள் போடுகிற கன்ட்ரோல் ஆர்ம், ரேடியேட்டர், கியர்பொக்ஸின் எலெக்ட்ரோனிக் தட்டு எல்லாம் பெரிய காரின் சாமானாகவே விலைபோகும். அதுவும் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை தாவிய பிறகு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமானுக்குக்கூட மவுசு வந்துவிட்டது. ஆகவே கார் விலைக்கு மேலே, முதல் வருசச் செலவுக்கென்று கணிசமான தொகையைத் தனியாக ஒதுக்கி வைக்க முடிந்தவர் மட்டும் இந்தப் பேச்சைத் தொடரலாம். இருக்கிற காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டு வருகிறவருக்கு பிரிமியோதான் சரி. இதைச் சொன்னால் சிலர் என்னோடு கோபித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு கதை சொல்வார்கள். 1970க்கும் 77க்கும் இடையில் சிறிமாவோ அம்மையார் காலத்திலும் இறக்குமதி இறுக்கம்தான். 1975 இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள், அவர்களுடைய கார்கள் மிஞ்சின. ஒஸ்டினையும் பூஜோவையும் லேத் பட்டறையில் கடைந்த சாமானைப் போட்டே வருசக்கணக்காக ஓட்டினார்கள். “அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு முடியாதா?” என்று கேட்கிறார்கள். இன்றைய பென்ஸில் பாதி வேலையைக் கம்பியூட்டர் பார்க்கிறது. கம்பியூட்டரை லேத்தில் கடைய முடியாது.

இனி ரோட்டுக்கு வருவோம். கொழும்பில் நெரிசலில் ஊர்கிற காருக்கும் இங்கே ஓடுகிற காருக்கும் தேய்மானம் வேறு வேறு. எல்ல சுமார் 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய போய்ச் சேர 27 கிலோமீற்றர். அதற்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடையுள்ள காரை, கியரை ‘டி’யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் டிஸ்க் பழுக்கக் காயும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அது காற்றிலிருந்து குடித்த ஈரம் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த எண்ணெயை இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டால் விற்கிறவர்களில் பலர் மேலே பார்க்கிறார்கள். பென்ஸ் ஓட்டோ கியரிலும் லீவரை இடப்பக்கம் தட்டினால் கியர் ஒவ்வொன்றாகக் குறையும், எஞ்சினே காரைப் பிடித்து நிறுத்தும். கார் வைத்திருக்கிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

இந்த இடத்தில் ஒரு மொடலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வட்டக் கண் விளக்கோடு 2002 இல் வந்த டபிள்யூ 211 ஈ கிளாஸ் அழகான கார். கல்யாண ஹயருக்கு வெள்ளை நிறத்தில் ஒன்று இருந்தால் பதுளையில் முகூர்த்த நாளில் ஓய்வே இருக்காது. ஆனால் 2006 நடுப்பகுதி வரை வந்தவற்றில் ‘எஸ்.பி.சி.’ என்ற மின் பிரேக் இருக்கிறது. நாம் பெடலை மிதித்ததும் கம்பியூட்டர் கணக்குப் பார்த்து, மின் பம்பு மூலம் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். எத்தனை தடவை மிதித்தோம் என்று அதுவே எண்ணிக்கொண்டும் வரும். எண்ணிக்கை சுமார் 3 இலட்சத்தைத் தொட்டதும் மீற்றரில் சிவப்பு எச்சரிக்கை வந்து, பம்பை மாற்றச் சொல்லும். இந்தப் பிரேக்குக்காக மெர்சிடிஸ் கம்பெனி 2004 இல் 6 இலட்சத்து 80 ஆயிரம் கார்களை உலகம் முழுக்கத் திருப்பி அழைத்தது. அடுத்த வருசம் வேறு மின் கோளாறுகளோடு சேர்த்து 13 இலட்சம் கார்கள். 2006 இல் ஈ கிளாஸிலிருந்து அந்தப் பிரேக்கையே எடுத்துவிட்டார்கள். ஜெர்மன் நெடுஞ்சாலையில் 3 இலட்சம் மிதி என்பது பல வருசக் கணக்கு. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் நடுவில் வளைவுக்கு ஒரு மிதி. எத்தனை மிதி ஆகியிருக்கிறது என்பதை ஸ்கேன் மெஷினில் பார்க்கலாம். பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

டீசல் ஆசை உள்ளவர்களுக்கு 520டி பி.எம்.டபிள்யூ கண்ணில் படும். சொகுசான வண்டி, இழுவையும் நல்ல இழுவை. 2007 முதல் 2011 வரை வந்த அதன் என்47 எஞ்சினில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்து சத்தம் கொடுத்தால், மாற்றுவதற்கு எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டிவரும். டீசல் கார்களில் புகை வடிகட்டி வேறு. சூடாகி ஒரே சீராக ஓடினால்தான் அதில் படிந்த கரி எரிந்து தீரும். வீட்டிலிருந்து பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் கார் அப்படிச் சூடாகவே மாட்டாது. சாதாரண டீசலைக் கலந்து அடித்துவிட்டால் அதுவும் கெடுதல். ஈரோ 4 சூப்பர் டீசல்தான் அதற்குச் சாப்பாடு. பெற்றோலிலும் இதே தொல்லைதான். பென்ஸ் கேட்பது 95 ஒக்டேன், பல ஷெட்டுகளில் இருப்பது 92.

எஞ்சின் பெருமை பேசுகிறவர்கள் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்துவிட்டார்கள். அந்த வருச ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா, 95 ரக பெற்றோல் 550 ரூபா. பிறகு எரிபொருளுக்கு கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். ஈ240 மாதிரி 6 சிலிண்டர் காருக்கு நம் ஏற்றத்தில் லீற்றருக்கு 6 கிலோமீற்றர் கிடைத்தால் பெரிய விசயம். எல்லயிலிருந்து பதுளைக்கு மூன்று நாள் போய்வந்தால் வாரத்துப் பங்கு முடிந்தது.

கார் பார்க்கப் போகும்போது நான் முதலில் செய்வது பொனட்டில் கை வைப்பது. சூடாக இருந்தால், நாம் வருமுன்னே எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விடிகாலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் செயின் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். 1.8 லீற்றர் கொம்பிரஸர் பென்ஸ்களில் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்காவிட்டால் பின்னால் செலவு பெரிது. அதன் பிறகு நல்ல ஏற்றம் ஒன்று பார்த்து ஏசியைப் போட்டு ஏற்றுவேன். வெப்ப முள் நடுவைத் தாண்டக் கூடாது, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது உதை இருக்கக் கூடாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. அதை வைத்து விலையில் பேசலாம், பயப்படத் தேவையில்லை.

மைலேஜை நம்புவதே இல்லை. மீற்றரைத் திருப்புவது கை பழகினவருக்குச் சின்ன வேலை. ஆனால் காருக்குள்ளே வேறு இடங்களிலும் கிலோமீற்றர் பதிந்திருக்கும். பி.எம்.டபிள்யூ சாவியில்கூடப் பதிந்திருக்கும். ஸ்கேனில் 2 இலட்சமும் மீற்றரில் 80 ஆயிரமும் இருந்தால் மரியாதையாக விடைபெற வேண்டியதுதான். ஸ்டீயரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம் மூன்றும் தேய்ந்திருந்தால் ஸ்கேனே வேண்டாம்.

இப்போது புதிதாக ஒரு சந்தேகம் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்து, எங்கள் பதுளை மாவட்டத்தில் மலை சரிந்தது. கொழும்புப் பக்கத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவெல வரை தண்ணீர். அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் கழுவிப் பொலிஷ் பண்ணி மலைக்கு ஏறி வரும். பெரிய கார்களில் பல மின் பெட்டிகள் தாழ்வான இடத்தில் இருக்கின்றன, சில மொடல்களில் பேட்டரி டிக்கியின் அடியிலேயே இருக்கிறது. சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள், கடைசியில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி மணந்தும் பாருங்கள். தொட்டுப் பார்க்காமல், மினுக்கத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் இதில் அகப்படுகிறார்கள்.

எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டால், பெரிய வண்டியைவிட்டு சின்ன பென்ஸைப் பார்க்கச் சொல்வேன். வரி எஞ்சின் அளவைப் பார்த்து விழுவதால் நம் நாட்டுக்கு வந்த சீ கிளாஸ்களில் 1.6, 1.8 லீற்றர் எஞ்சின்கள்தான் அதிகம். நகர ஓட்டத்துக்கு அது போதும். 2007க்குப் பிறகு வந்த டபிள்யூ 204இல் சாதாரண ஸ்பிரிங் சஸ்பென்ஷன்தான், அது நல்லது. காற்றுப் பை சஸ்பென்ஷன், திறக்கிற கூரை, தானாக மூடும் கதவு இவையெல்லாம் புதிதில் பெருமை, பழசில் செலவு. ஒரே சொந்தக்காரரிடம் ஒரே கராஜில் பில்லோடு வளர்ந்த கார், மைலேஜ் கூடியிருந்தாலும் பரவாயில்லை.

காசு கொடுக்கும் முன் சீ.ஆர். என்ற பதிவுப் புத்தகத்தை வாங்கி எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் காரில் இருப்பதோடு ஒத்துப்பாருங்கள். ‘முழு உரிமையாளர்’ இடத்தில் லீசிங் கம்பெனி பெயர் இருந்தால் அது நீங்கும்வரை கார் விற்கிறவருடையது இல்லை. ‘ஓபன் பேப்பர்’ என்று வெற்றுக் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு மூன்று நான்கு கை மாறிய கார்கள் இங்கே நிறைய. படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது உயிரோடு இருக்க மாட்டார். பெயர் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகும்வரை ஒரு பங்குக் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் நேர்மையானவர் என்றால் ஒத்துக்கொள்வார்.

கடைசியாக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் போட்டிருப்பதால் பல பி.எம்.டபிள்யூகளில் ஸ்டெப்னியே கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு பெரகல சந்தியில் அந்த அளவு டயர் கேட்டால், கடைக்காரர் கதவை இழுத்துக்கொண்டே சிரிப்பார்.