பதினெட்டு அங்குல இடைவெளி

அமெரிக்க ஜனங்கள் ‘கால்பந்து’ என்று பெயரிட்டு ஆடும் ஆட்டத்தில் காலுக்கும் பந்துக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் சொற்பம். பந்தும் உருண்டை அன்று. இரு முனையும் கூம்பிய ஒரு தினுசு. அதை மார்போடு அணைத்துக்கொண்டு எதிராளியின் எல்லைக் கோட்டை நோக்கி ஓட வேண்டும். எதிர்க் கட்சியார் பதினொரு பேரும் ஓடுகிறவன் மீது பாய்ந்து அவனைத் தரையில் சாய்க்கலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை; அதற்காகத்தான் அவர்களுக்குச் சம்பளம். நம் சடுகுடு ஆட்டத்தை நூறு கெஜ நீளத்துக்கு இழுத்துவிட்டு, ஆடுகிறவர்களுக்குத் தலையிலும் தோளிலும் கவசம் மாட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நேயர்களுக்கு இது ஒருவாறு விளங்கும். எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்துவிட்டால் அதற்கு ‘டச் டவுன்’ என்று பெயர். ஆறு புள்ளிகள் கிடைக்கும்.

பந்தோடு ஓடுவதற்கென்றே இந்த ஆட்டத்தில் ஆள் உண்டு. தன் கட்சியார் முட்டி மோதித் திறந்துவிடும் சந்துகளில் நுழைந்து அவன் ஓடுகிறான். இதைவிட அபாயமான வேலை இன்னொன்று இருக்கிறது. எதிர்க் கட்சியார் பந்தை ஆகாயத்தில் வெகு உயரம் உதைத்து அனுப்புவார்கள். அது இறங்கும் இடத்தில் ஒருவன் அண்ணாந்து பார்த்தபடி நிற்க வேண்டும். பதினொரு பேர் தன்னை நோக்கித் தலைதெறிக்க ஓடி வருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் பந்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. பந்து கைக்கு வந்த மறுகணமே அவர்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துத் திரும்பி ஓட வேண்டும். இதில் நேரும் மோதல்களைக் குறைப்பதற்காகவே 2024-ல் தொழில்முறை ஆட்டச் சங்கத்தார் ஆரம்ப உதையின் விதிகளை மாற்றி அமைத்தார்கள். கட்சியின் தலைசிறந்த ஓட்டக்காரனை இந்த வேலைக்கு அனுப்பப் பயிற்சியாளர்கள் சாதாரணமாகத் துணிவதில்லை. சிகாகோ நகரத்துக் ‘கரடிகள்’ கோஷ்டியின் கேல் சேயர்ஸோ இரண்டு வேலைகளையும் ஒருங்கே செய்தார்.

சேயர்ஸ் 1943-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரில் பிறந்தார். கறுப்பர் வகுப்பைச் சேர்ந்தவர். நெப்ராஸ்கா மாகாணத்து ஒமாஹாவில் வளர்ந்து, கான்ஸாஸ் சர்வகலாசாலைக்காக ஆடியபோதே ‘கான்ஸாஸ் வால் நட்சத்திரம்’ என்று பெயர் வாங்கிவிட்டார். 1965-ம் வருஷப் பருவத்துக்கான ஆள் தேர்வில் சிகாகோ கோஷ்டியார் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கோஷ்டியை 1920-ல் ஸ்தாபித்தவரும், எழுபது வயதிலும் பயிற்சியாளராக ஓரத்தில் நின்று உரத்த குரலில் அதட்டியவருமான ஜார்ஜ் ஹாலஸிடம் போய்ச் சேர்ந்தார்.

அவர் ஓடும் விதத்தைக் காட்டும் சினிமாப் படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது, இவர் யாரையும் தள்ளிவிட்டு ஓடவில்லை என்பதுதான். பிடிக்க வந்தவன் கையை நீட்டுகிறான். நீட்டிய இடத்தில் சேயர்ஸ் இல்லை. முழு வேகத்தில் செல்லும்போதே உடம்பை ஒரு பக்கமும் கால்களை மறுபக்கமும் அனுப்பிவிட்டுப் பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறவர்போல் காணப்படுகிறார். பதினெட்டு அங்குல இடைவெளி கிடைத்தால் தமக்குப் போதும் என்று அவர் சொல்வதுண்டு. வீண் பெருமை அல்ல. கணக்குப் பார்த்தே சொன்னார் என்று நினைக்கிறோம்.

1965-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் நடந்த ஆட்டத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். எதிரே வந்தவர்கள் சான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கோஷ்டியார். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் இவர்களிடம்தான் கரடிகள் 52-க்கு 24 என்று உதை வாங்கியிருந்தார்கள். அன்று மழை பெய்து மைதானம் முழுவதும் சேறாகக் கிடந்தது. மற்றவர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். சேயர்ஸ் முதலில் ஒரு சிறு எறிதலைப் பிடித்து 80 கெஜம் ஓடினார். பிறகு 21 கெஜம், 7 கெஜம், 50 கெஜம், 1 கெஜம் என்று நான்கு முறை பந்தோடு கோட்டைக் கடந்தார். கடைசியாக, உதைத்து அனுப்பிய பந்து ஒன்றைப் பிடித்து, சேற்றில் தத்தளித்த பதினொரு பேரையும் தாண்டி 85 கெஜம் ஓடி வந்தார். ஆக ஆறு டச் டவுன்கள்! அன்று அவர் கடந்த தூரம் மொத்தம் 336 கெஜம். கரடிகள் 61-க்கு 20 என்று ஜயித்தார்கள்.

ஒரே ஆட்டத்தில் ஆறு என்பது அதற்கு முன்பு இரண்டே பேர் செய்த காரியம். 1929-ல் எர்னி நெவர்ஸ், 1951-ல் டப் ஜோன்ஸ். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு முறையும் அடிபட்டவர்கள் இதே சிகாகோ கரடிகள்தான். கிழவர் ஹாலஸுக்கு முப்பத்தாறு வருஷங்களுக்குப் பிறகு வட்டியும் முதலுமாக வசூலாயிற்று. அந்த முதல் வருஷத்தில் மட்டும் சேயர்ஸ் 22 டச் டவுன்கள் எடுத்தார். அடுத்த வருஷம், 1966-ல், 1,231 கெஜம் ஓடி ஓட்டத்தில் சங்கம் முழுவதற்கும் முதல்வராக நின்றார்.

வெளியூர்களில் ஆடப் போகும்போது ஆட்டக்காரர்கள் ஹோட்டலில் இருவர் இருவராகத் தங்குவது வழக்கம். வெள்ளையர் வெள்ளையரோடும் கறுப்பர் கறுப்பரோடும் தங்கினார்கள். பொது இடங்களில் நிறபேதம் பாராட்டலாகாது என்று 1964-ல் சட்டம் நிறைவேறியிருந்தது உண்மையே. ஆனால் சட்டம் தெருவில் நடமாடத் தொடங்கிய பிறகும் ஹோட்டல் அறைக்குள் நுழைவதற்குச் சிறிது காலம் பிடித்தது. 1967-ல் கரடிகள் கோஷ்டியில் சேயர்ஸும் பிரையன் பிக்கலோ என்னும் வெள்ளையரும் ஒரே அறையில் தங்கினார்கள். அந்தக் கோஷ்டியில் அவ்விதம் நடந்தது அதுவே முதல் தடவை.

பிக்கலோ இத்தாலிய வம்சாவளியினர். கல்லூரி ஆட்டத்தில் 1964-ம் வருஷம் நாட்டிலேயே அதிக தூரம் ஓடியவர் அவர்தான். ஆயினும் தொழில்முறைக் கோஷ்டிகள் முறைப்படி ஆள் தேர்ந்தெடுத்தபோது ஒருவரும் அவரைச் சீண்டவில்லை. பின்னால் தாமே வந்து சேர்ந்தார். சேயர்ஸ் கூச்ச சுபாவமுள்ளவர், அதிகம் பேசமாட்டார். பிக்கலோவோ வாயாடி. ஒருவர் நிறத்தை மற்றவர் பரிகாசம் செய்துகொள்ளும் அளவுக்கு இருவரும் அந்நியோந்நியமானார்கள். அதே சமயம் இருவருக்கும் உத்தியோகம் ஒன்றே. சேயர்ஸ் நன்றாக இருக்கும்வரை பிக்கலோ பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

1968-ம் வருஷம் நவம்பர் 10-ந் தேதி, ரிக்லி மைதானம், அதே சான் பிரான்ஸிஸ்கோ கோஷ்டி. சேயர்ஸ் வலது காலை ஊன்றித் திரும்பும் தருணத்தில் கெர்மிட் அலெக்ஸாண்டர் என்பவர் தாழப் பாய்ந்து தடுத்தார். முழங்காலில் எலும்புகளைப் பிணைத்திருந்த நார்கள் அறுந்துபோயின. அலெக்ஸாண்டர் முறை தவறவில்லை என்றே சேயர்ஸ் பின்னால் சொன்னார். இக்காலத்தில் வைத்தியர்கள் சிறு துவாரம் வழியாக மூட்டுக்குள் கருவியைச் செலுத்தி, வேறிடத்து நாரை எடுத்து வைத்துப் புதிதாகக் கட்டிவிடுகிறார்கள். அன்று மூட்டைத் திறந்து, அறுந்ததைத் தைத்து, மாவுக் கட்டுப் போட்டுவிட்டுக் காத்திருப்பதே சிகிச்சை.

அவருடைய ஸ்தானத்தில் பிக்கலோ ஆடினார். வாழ்நாளில் கிடைத்த பெரிய சந்தர்ப்பம்! ஆனால் அதே மனிதர்தான் சேயர்ஸைச் சோர்ந்துபோக விடாமல், கேலி செய்தும் அதட்டியும் தேகப்பயிற்சிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். சேயர்ஸ் திரும்பி வந்தால் தம் இடம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

சேயர்ஸ் 1969-ல் திரும்பி வந்தார். பழைய மின்னல் திருப்பம் இல்லை. முட்டி மோதித்தான் கெஜக் கணக்கைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆயினும் 1,032 கெஜம் ஓடி மறுபடியும் சங்கத்தில் முதலாவதாக வந்தார். அந்தப் பருவத்தில் கரடிகள் பதினான்கு ஆட்டங்களில் ஜயித்தது ஒன்றே ஒன்று என்பதைச் சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். ஆறு டச் டவுன் எடுத்த தினத்தைவிட இந்த 1,032 கெஜமே பெரிது என்பது நம் அபிப்பிராயம். முன்னது பிறவியிலேயே கிடைத்தது. இது ஒவ்வோர் அடியாகச் சம்பாதித்தது.

அதே 1969 நவம்பரில், அட்லாண்டா நகரில் நடந்த ஓர் ஆட்டத்தின் நடுவில், பிக்கலோ மூச்சு விட முடியாமல் தாமாகவே வெளியே வந்தார். பரிசோதித்ததில் மார்புக்குள் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. நியூயார்க்கில் ரணசிகிச்சை நடந்தது, மறுபடியும் நடந்தது. 1970 மே மாதம் நியூயார்க்கில், மிகவும் தைரியசாலியான ஆட்டக்காரர் என்று சேயர்ஸுக்கு ஒரு பரிசு அளித்தார்கள். முழங்கால் ஒடிந்தும் திரும்பி வந்ததற்காக. அவர் எழுந்து நின்று, இந்தப் பரிசு தமக்கு உரியதன்று, ஆஸ்பத்திரியில் இருக்கும் பிரையனுக்கு உரியது, அவர் சார்பில் ஓர் இரவு மட்டும் தாம் வைத்திருப்பதாகச் சொன்னார். அவருக்காகப் பிரார்த்திக்கும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 16-ந் தேதி பிக்கலோ இறந்தார். வயது இருபத்தாறு. சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் சேயர்ஸும் ஒருவர். அமெரிக்காவில் 1978-ல் அநுமதிக்கப்பட்ட ‘சிஸ்பிளாட்டின்’ என்ற மருந்தினால், அந்த இனத்துப் புற்றுநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்காலத்தில் குணமடைந்தார்கள். எட்டு வருஷ வித்தியாசம்.

இந்த நட்பின் கதையைச் சேயர்ஸ் தமது நூலில் எழுதினார். அந்நூலின் பெயருக்கு ‘நான் மூன்றாமவன்’ என்று பொருள். கடவுளும் நண்பர்களும் முன்னே, தாம் பின்னே. 1971-ல் அது தொலைக்காட்சிப் படமாக வந்து, ஊர் ஊராக ஆண்பிள்ளைகளையும் அழவைத்தது. ஆட்டமே பார்த்திராதவர்களும் அவர் பெயரை அறிந்தது அதனால்தான்.

படம் வெளிவந்தபோது அவருடைய ஆட்டம் அநேகமாக முடிந்துவிட்டது. 1970-ல் இடது முழங்காலும் கெட்டது. அந்த வருஷம் இரண்டு ஆட்டம், மறு வருஷம் இரண்டு ஆட்டம், 1972-ல் விலகினார். மொத்தம் 68 ஆட்டங்கள். பருவ முடிவில் சாம்பியன் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டம் ஒன்றில்கூட அவர் காலடி வைத்ததில்லை. ஆரம்ப உதைகளை அவர் திருப்பிக் கொண்டுவந்த சராசரி 30.56 கெஜம், அதை மிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆட்டக்காரர்கள் முயன்றும் முடியவில்லை. 1977-ல், முப்பத்து நான்காம் வயதில், ஆட்டத்தின் கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு இடம் அளித்தார்கள். அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் எவரும் அங்கே போனதில்லை.

பிற்பாடு ஒரு சர்வகலாசாலையில் விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்தார். கம்ப்யூட்டர் வியாபாரம் செய்து செழித்தார். பிறகு ஞாபகம் மங்கத் தொடங்கியது. 2017-ல் அவருடைய குடும்பத்தார் அதை வெளியிட்டு, ஆட்டத்தில் தலை வாங்கிய அடிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னார்கள். எவர் கைக்கும் அகப்படாமல் ஓடியவர் என்று பெயரெடுத்தவருக்கும் கணக்கில் வராத அடிகள் அத்தனை விழுந்திருந்தன.

2020 செப்டம்பர் 23-ந் தேதி, எழுபத்தேழாவது வயதில் சேயர்ஸ் காலமானார். மூன்று மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் தினத்தன்று, நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டியின் ஆல்வின் கமாரா ஒரே ஆட்டத்தில் ஆறு டச் டவுன்கள் எடுத்து அந்தப் பழைய சாதனையைத் தொட்டார். கமாரா எடுத்த ஆறும் பந்தோடு ஓடியவை. உதைத்த பந்தைச் சேற்றில் நின்று பிடித்து, 85 கெஜம் திரும்பி ஓடி வந்து ஆறாவதை எடுத்தவர் சேயர்ஸ் ஒருவர்தான்.