பெயர் இருந்தால்தான் வாக்கு

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்குக் காணி உறுதி எவ்வளவு முக்கியமோ, வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதும் அவ்வளவு முக்கியம். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. வேறு ஊரில் குடியேறியவர்கள் அங்குள்ள கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். ஆளடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் தேர்தலுக்கு முன்பே தற்காலிக அட்டை பற்றி அவரிடம் விசாரிப்பது நல்லது.

வாக்குச் சாவடியில் நாமும் பணியாற்றலாமா? அங்குள்ள அலுவலர்கள் அரச ஊழியர்கள். அவர்களைத் தெரிவத்தாட்சி அலுவலர் நியமிக்கிறார். ஏனையோர் ஒரு கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் முகவராக உள்ளே அமரலாம். ஒருவர் பெயரில் இன்னொருவர் வாக்களிக்க வந்தால் ஆட்சேபிக்கலாம். கட்சி சாராதோர் பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளில் சேரலாம். ஊராரை முகம் பார்த்து அறிந்தவர்களே இதற்கு ஏற்றவர்கள். பெண்களும் முன்வர வேண்டும்.

வாக்களிக்கும் முறை தேர்தலுக்குத் தேர்தல் வேறுபடும்:

உள்ளூராட்சி: கட்சிக்கோ குழுவுக்கோ ஒரு புள்ளடி மட்டும். விருப்பு வாக்கு இல்லை.

பாராளுமன்றம்: கட்சிக்குப் புள்ளடி; பின்னர், விரும்பினால், அதன் வேட்பாளர் மூவர் வரை விருப்பு வாக்கு.

ஜனாதிபதி: 1, 2, 3 என விருப்ப வரிசை. ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதும் செல்லும்.

கல்முனை மாநகர சபைக்கு 2018 பெப்ரவரி 10ஆம் திகதி வட்டார முறையில் வாக்களிப்பு நடந்தது. 2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வழக்கின் காரணமாகக் கல்முனைக்கு நடைபெறவில்லை. வீதி, வடிகான், குப்பை எல்லாம் சபையின் பொறுப்பு. வாக்களிக்கும் நாள் நம் கையில் இல்லை. அந்த நாள் வரும்போது இடாப்பில் பெயர் இருக்கச் செய்வது நம் கையில்தான்.