தீ தொடும் இரும்பு, தீ தொடாத இரும்பு

பொன்னமராவதியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பொற்பனைக்கோட்டை. சங்ககாலக் கோட்டையின் மதிலும் அகழியும் இன்றும் அடையாளம் தெரிகிற இடம். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்தன. கோட்டைப் பகுதியில் இரும்பு உருக்கிய தடயங்களும் உண்டு. அதில் வியப்பில்லை. இந்த மாவட்டத்துச் செம்புராங்கல் சிவந்து கிடப்பதே இரும்பால்தான்.

இரும்பு உருக்கிய ஊர்களில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் கிட்டம்தான். கருத்து, கனத்து, துளை துளையாக இருக்கும் கழிவு. இரும்பை எடுத்தவர்கள் வேண்டாம் என்று கொட்டிவிட்டுப் போனதை, சித்த வைத்தியர்கள் பொறுக்கியெடுத்துச் சோகைக்கு மண்டூரம் என்ற மருந்தாகக் கொடுத்தார்கள். பழைய கிட்டமாக இருந்தால் இன்னும் நல்லதாம்!

உலைகளில் எத்தனையோ வகை உண்டு. வடிவத்தை வைத்துப் பிரிப்பார்கள், எரிபொருளை வைத்தும் பிரிப்பார்கள். அதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது: உலைக்குள் எது எதைத் தொடுகிறது என்று பார்ப்பது.

ஆதி இரும்பு உலையில் கரியும் கல்லும் கலந்தே கிடக்கும். கிடந்தாக வேண்டும். இரும்புக்கல்லில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்குவது கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு. துருத்தி ஊத ஊத, சூடு 1,200 டிகிரி வரை ஏறும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகாது. கிட்டம்தான் உருகி வழியும். மிஞ்சுவது பஞ்சுபோன்ற ஒரு கட்டி. அதைச் சுடச்சுட அடித்து, உள்ளே சிக்கிய கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்றினால்தான் கொல்லனுக்கு உதவும்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இரும்பு உலைகள் மட்டுமல்ல, மூசைகளும் வெளிப்பட்டன. இங்கேதான் கதை திரும்புகிறது. மூசை என்பது மூடிய மண்கிண்ணம். வெளியே நெருப்பு எப்படி எரிந்தாலும் உள்ளே இருக்கும் இரும்பை அது தொடாது. உள்ளே எதைப் போடுகிறோமோ அதுதான் இரும்பைத் தொடும். தென்னாட்டில் போட்டது ஆவாரங்குச்சி. மேலே எருக்கிலை மூடாக்கு. மூசை மண்ணில் உமி கலப்பார்கள். குச்சியும் இலையும் கரிந்து இரும்பில் ஏறும்; கரி ஏறிய இரும்புக்கு உருகுநிலை இறங்கும்; அப்படி உருகி உறைந்ததுதான் உலகம் தேடி வந்த உருக்கு.

இந்தச் செய்முறையை எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியவர். சேலத்துக் கல், காட்டு மரக்கரி, பெரிய ஊதுலை. கரிக்குக் காடு போதவில்லை, கணக்கும் கைகொடுக்கவில்லை. பரங்கிப்பேட்டை ஆலையைவிட 1839இல் அவர் காப்புரிமை வாங்கிய முறைக்கே ஆயுள் அதிகம்: மூசை உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் அந்த முறையால் கொழுத்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு.

இன்றைய கோவைக்கு வருவோம். மோட்டார் பம்பும் கிரைண்டரும் செய்யும் ஊருக்கு வார்ப்பிரும்பு சோறு மாதிரி. அந்த வார்ப்படச் சாலைகளில் நெடுங்காலம் ஆண்டது குப்போலா. நின்ற உருளை, கல்கரி ஒரு அடுக்கு, பழைய இரும்பு ஒரு அடுக்கு, கொஞ்சம் சுண்ணாம்புக்கல், கீழிருந்து காற்று. மலிவு, வேகம். ஆனால் கல்கரி தொடுகிறதே, அதிலுள்ள கந்தகமும் இரும்புக்குள் போய்விடும்.

தூண்டல் உலை இந்தத் தொடுதலையே ஒழித்தது. தீயே கிடையாது. தண்ணீர் ஓடும் செப்புச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு தனக்குள்ளேயே சூடாகும். சுத்தமான வேலை என்று விற்பனையாளர்கள் சொல்வது சரி. சொல்லாமல் விடுவதும் ஒன்று உண்டு. பழைய இரும்போடு பாஸ்பரஸ் வந்தால் அது பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். கிராஃபைட் தண்டுகளுக்கும் இரும்புக்கும் நடுவே மின்பொறி பாயும் வில் உலையிலோ, சுண்ணாம்பு போட்டு அதைக் கசடாக இழுத்துவிடலாம்.

கண்ணாடிக்குத் தொல்லை வேறு. மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் உருகிவிட்டால், அந்தக் குழம்பு தான் இருக்கும் தொட்டியின் கல்லையே அரிக்கும். அதைச் சுமார் 1,500 டிகிரிக்கு மேல் வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2000இல் உற்பத்தி தொடங்கிய செயின்ட் கோபைன் ஆலை மாதிரியான இடங்களில் உலையை ஒருமுறை பற்றவைத்தால், பழுதுபார்க்க நிறுத்தும் வரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் அணைப்பதில்லை. இந்த எரிபொருள் செலவு கட்டுப்படியாவது சீமென்ஸ் சகோதரர்களால். வெளியேறும் புகையின் சூட்டை ஒரு செங்கல் அறையில் பிடித்துவைத்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுப்பது அவர்கள் யோசனை, காப்புரிமை 1856. சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போக்கும் வரவும் திசை மாறும். 1862 ஜூனில் மைக்கேல் ஃபாரடே ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய கடைசி வெள்ளிக்கிழமை உரை இந்த உலையைப் பற்றித்தான்.

கொன்னையூர் முத்துமாரியம்மன் திருவிழா மாதிரியான கூட்டங்களில் விற்கும் கண்ணாடி வளையல் வரும் வழி வேறு. இந்தியாவில் அதன் தலைநகரம் உத்தரப்பிரதேசத்து பிரோசாபாத். அங்கே முன்பு நிலக்கரியில் எரிந்த உலைகளுக்குள் மண்பானைகள் இருக்கும். கண்ணாடி அவற்றில் உருகும். தாஜ்மகாலுக்குக் கேடு என்று தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30இல் உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத்து ஆலைகளுக்கு நிலக்கரியை விலக்கியது. எரிவாயுவுக்கு மாறு, இல்லையேல் இடத்தை மாற்று. பெரிய உலைகள் மாறின. சிக்கல் வீடுகளில் இருந்தது. வளைத்து ஒட்டிய வளையலைக் கடைசியாக ஒரு சிற்றுலையில் சுட்டெடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பக்காய் பட்டி. அதுவும் கரியில்தான் எரிந்துகொண்டிருந்தது. டெல்லியின் டெரி ஆய்வு நிறுவனம் அதற்கென எரிவாயு உலை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தது.

(தொடரும்)