வளவுக் கிணறும் எஞ்சிய குளோரீனும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மூதூருக்குத் தெற்கே, மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு கடலோடு கலக்கும் பகுதியை அண்டி அமைந்துள்ளது ஈச்சிலம்பற்று. ஒரு புறம் வயல், மறு புறம் கடல், இடையே மணற்பாங்கான குடியிருப்பு நிலம். இம்மண்ணில் அதிக ஆழம் தோண்டாமலே நன்னீர் ஊறும். அதனால், வளவுக்கொரு கிணறு என்பது இப்பகுதி மக்களின் நெடுங்கால வழக்கம்.

எளிதில் ஊறும் நீர் எளிதில் மாசடையவும் செய்யும். மணல் நன்னீரைப் போலவே கழிவுநீரையும் தடையின்றிக் கடத்துகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணரும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலெழுந்து மலசலகூடக் குழிகளைத் தொடும். வெள்ளம் கிணற்றுக் கட்டின்மேல் வழிந்தோடினால் ஊரின் அழுக்கனைத்தும் கிணற்றினுள் இறங்கும். ஆயினும் வெள்ளம் வடிந்து சில நாட்களில் நீர் மீண்டும் பளிங்கு போலத் தெளிந்துவிடும். அத்தெளிவை நம்பி வீட்டார் அதனைப் பருகுவர். பின்னர் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் காண்கின்றது.

தெளிந்த நீர் யாவும் தூய நீர் அன்று என்பதனை உலகம் ஒரே நாளில் அறிந்துகொள்ளவில்லை. 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு வீதியில் வாந்திபேதி பரவியபோது, யோன் சினோ என்னும் மருத்துவர், நோயுற்றோரிற் பெரும்பாலார் ஒரே நீர்ப்பம்பியின் நீரைப் பருகியவர்கள் என்று காட்டினார். 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவிய வேளையில், நீர்க்குழாய்கள் வெளிற்றும் தூள் கொண்டு தூய்மை செய்யப்பெற்றன. 1908இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரம் தன் குடிநீருக்கு நாள்தோறும் குளோரீன் சேர்க்கத் தொடங்கிற்று. அன்று நகரங்கள் கைக்கொண்ட அம்முறையே இன்று வளவுக் கிணற்றுக்கும் காவலாகின்றது.

குளோரீன் இடுவதை அறிந்த பலர், அது நீரினுள் எவ்வாறு செலவாகின்றது என்பதை அறிவதில்லை. வறண்ட வாய்க்காலில் நீர் திறந்துவிட்டால் முதலிற் குடிப்பது வாய்க்காலின் மண்ணே. மண் குடித்து எஞ்சியது மட்டுமே கடைக்கோடி வயலை அடையும். குளோரீனின் கதையும் இதுவே. நீரிற் கரைந்துள்ள இலைச்சாறு, சேறு, இரும்பு, அழுகற்பொருள் ஆகியவை முதலில் தம் பங்கைக் கவர்ந்துகொள்கின்றன. இத்தேவை தீர்ந்தபின் எஞ்சுவதே எஞ்சிய குளோரீன். நோய்க்கிருமிகளை முற்ற ஒழிப்பதும், பின்னர் வாளியோடும் கயிற்றோடும் வந்து சேரும் கிருமிகளைத் தடுப்பதும் இதுவேயாகும். எவ்வளவு இட்டோம் என்பதைவிட எவ்வளவு எஞ்சியது என்பதே முக்கியம். அரை மணி நேரத்தின் பின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அளவேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இடவேண்டிய அளவை அறிய முதலிற் கிணற்றின் நீரளவைக் கணித்தல் வேண்டும். பள்ளிக் கணக்கே இதற்குப் போதும். கிணற்றின் குறுக்களவு 2 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர் எனக் கொள்வோம். ஆரையின் வர்க்கத்தை 3.14ஆலும், பின் ஆழத்தாலும் பெருக்கினால் 6.28 கன மீற்றர் வரும். அதாவது ஏறக்குறைய 6,280 லீற்றர்.

அடுத்து, அந்நீரின் குளோரீன் தேவையை அறிதல் வேண்டும். இதற்கு ஹொறொக்ஸ் என்னும் இராணுவ மருத்துவரின் பெயரால் வழங்கும் எளிய சோதனை ஒன்றுண்டு. அதற்குரிய பெட்டியில் ஒரு கறுப்புக் கிண்ணமும் ஆறு வெள்ளைக் கிண்ணங்களும் இருக்கும். கறுப்புக் கிண்ணத்தில் 2 கிராம் வெளிற்றும் தூளைக் குழைத்து, குறித்த மட்டம் வரை நீரூற்றிக் கலக்கித் தெளியவிடுவர். வெள்ளைக் கிண்ணங்களிற் கிணற்று நீரை நிரப்பி, முதலாவதற்கு ஒரு துளி, இரண்டாவதற்கு இரு துளி என ஆறாவது வரை தெளிநீரை இட்டுக் கலக்கி, அரை மணி நேரம் காத்திருப்பர். பின்னர் மாப்பொருளும் அயடைட்டும் சேர்ந்த காட்டியிற் சில துளிகளை ஒவ்வொன்றிலும் விடுவர். குளோரீன் எஞ்சிய கிண்ணங்கள் நீலமாகும். முதலில் நீலங்காட்டிய கிண்ணம் மூன்றாவதாயின், 455 லீற்றர் நீருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம் தூள் வேண்டும். மேற்கூறிய கிணற்றுக்கு ஏறத்தாழ 83 கிராம் ஆகும்.

இச்சோதனையின் சிறப்பு யாதெனில், கிணற்றுக்கு இடப்போகும் தூளே சோதனைக்கும் பயன்படுகின்றது. புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்களவு குளோரீன் உண்டு. வெயிலும் ஈரமும் பட்டால் அது விரைவிற் குறைந்துவிடும். தூள் வலுவிழந்திருந்தால் நீலநிறம் பிந்திய கிண்ணத்திலேயே தோன்றி, கூடுதலாக இடவேண்டும் என்பதைத் தானே உணர்த்திவிடும். தூளை இறுக மூடிய கலத்தில், இருளான, ஈரமற்ற இடத்தில், பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வைத்தல் வேண்டும். அமிலங்களோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு வெளிப்படும்.

கணித்த தூளை வாளி நீரிற் கரைத்து, சுண்ணாம்பு வண்டல் அடியில் தங்கியபின், தெளிநீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியைப் பலமுறை இறக்கியேற்றிக் கலக்குதல் வேண்டும். அரை மணி கழித்து எஞ்சிய அளவைச் சோதித்தல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கைப்பெட்டியிலுள்ள நிற ஒப்புமானி இதற்குரியது. பேலின் என்னும் ஆங்கிலேய இரசாயனவியலாளர் 1957இல் வெளியிட்ட முறையின்படி, டி.பி.டி. எனும் மருந்தை நீரில் இட்டால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அந்நிறத்தை அட்டையின் நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம். ஓர் எச்சரிக்கை: குளோரீன் மிக அதிகமாக இருப்பின் அது அந்நிறத்தையே வெளிறச் செய்துவிடும். கடுமையான நெடி வீசும் நீர் நிறங்காட்டாதாயின், நல்ல நீர் கொண்டு ஐதாக்கி மீண்டும் சோதித்தலே முறை.

ஒருமுறை இட்ட குளோரீன் நெடுநாள் நிற்பதில்லை. நீர் இறைக்க இறைக்கப் புதுநீர் ஊறுகின்றது. திறந்த கிணற்றில் வெயிலும் அதனை அழிக்கின்றது. வீட்டு வளவில் அமைக்கும் சிறு நீச்சற் குளத்திற்கும் இதே விதி பொருந்தும். அங்கும் நாள்தோறும் சோதிப்பதே காவல். கிணற்றுக்கோ, இந்தியாவின் நாக்பூர் ஆய்வு நிலையத்தார் வகுத்த இரட்டைப் பானை முறை உண்டு. துளையிட்ட சிறு பானையில் ஒரு கிலோ வெளிற்றும் தூளையும் இரு கிலோ பருமணலையும் ஈரமாகக் கலந்து நிரப்பி, அதனைத் துளையுள்ள மற்றொரு பானையினுள் வைத்து, வாயை மூடி, நீர்மட்டத்திற்கு ஒரு மீற்றர் கீழே தொங்கவிடுவர். ஏறக்குறைய 4,500 லீற்றர் கொண்ட வீட்டுக் கிணற்றில் இது இரண்டு மூன்று வாரங்களுக்குக் குளோரீனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும்.

வெள்ளம் புகுந்த கிணறும் கைவிடப்பட்டுக் கிடந்த கிணறும் வேறு கவனத்தை வேண்டுவன. போரினால் 2006இல் இடம்பெயர்ந்து 2007இல் மீளக் குடியேறிய ஈச்சிலம்பற்று மக்கள் இதனை நன்கறிவர். இத்தகைய கிணற்றை இறைத்துச் சேறகற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மிகுந்த அளவு குளோரீன் இட்டு, ஓரிரவு விட்டு, மீண்டும் இறைத்த பின்னரே பயன்படுத்தலாம். ஆனால் 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கொணர்ந்தது அழுக்கு மட்டுமன்று, உப்பும் ஆகும். உப்பைக் குளோரீன் அகற்றாது. கரையோரக் கிணறுகளில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கின்றது. ஆவலினால் அளவுகடந்து இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். அங்கு சிறிதே இறைத்து, மழை கழுவுமட்டும் பொறுத்திருத்தலே அறிவுடைமை.

இன்னுமொன்று. அளவறியாது மிகுதியாக இட்ட கிணற்றின் நெடியை வெறுத்து, வீட்டார் குளோரீன் இடாத வேறொரு கிணற்றை நாடிச் செல்வதுண்டு. காக்க இட்ட மருந்தே நோயின் வாயிலுக்கு வழிகாட்டிய கதையாக இது முடிகின்றது. அவர்களைக் குறைகூறுதல் தகாது. நாவுக்கு ஏற்காத நீரை எவரும் பருகார். குறைந்தால் கிருமி பிழைக்கும். மிகுந்தால் நீரே ஒதுக்கப்படும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியைக் காட்டுவது சோதனை ஒன்றே.

சோதிக்க வசதியில்லாத நாட்களில் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுதல் வேண்டும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும், மலசலகூடக் குழிக்கு 50 அடி இடைவெளியும், நிலத்தில் வைக்காத தூய வாளியும் அமைந்தால் குளோரீனின் வேலை பாதியாகும். மாரி தொடங்குமுன் இவற்றைச் செய்துகொண்ட வீட்டில், வெள்ளம் வடிந்த பின்னர் கிண்ணம் ஒன்றில் தோன்றும் சிறு நிறத்தைக் கண்ட பிறகே பிள்ளையின் கையில் நீர் கொடுக்கப்படும்.