கார் ஷெட் மேல் 26 டன்

சேலம் ஜங்ஷனை ஒட்டிய சூரமங்கலத்துத் தெருக்களில் மொட்டைமாடிகளை அண்ணாந்து பார்த்தால், பல வீடுகளில் பில்லர் தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ‘பிறகு மாடி எடுத்துக்கொள்ளலாம்’ என்று கட்டியவர் விட்டுவைத்தவை. மகனுக்குக் கல்யாணம், வீட்டிலிருந்தே வேலை, வாடகைக்கு ஒரு சின்ன போர்ஷன் என்று ஏதோ ஒரு தேவை வரும்போது, வீட்டோடு ஒட்டி நிற்கும் கார் ஷெட்டின் மேல்தான் முதலில் கண் போகிறது. மேஸ்திரியைக் கேட்டால், “ஒத்த ரூம்தானுங்களே, தாங்குமுங்க” என்பார். தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

10 அடிக்கு 18 அடி ஷெட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர் இருப்பதால் புதிதாக மூன்று சுவர்கள் போதும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்துக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கே 1,300 கிலோவைத் தாண்டும். மூன்று சுவருக்கும் சேர்த்துச் சுமார் 15 டன். மேலே போடும் ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் 5 டன். அதன்மேல் தட்டோடு, கீழே டைல்ஸ், சாந்து எல்லாம் 3 டன். ஆட்கள், கட்டில், பீரோவுக்கென்று இந்தியத் தர விதிகள் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ ஒதுக்கச் சொல்கின்றன. அது இன்னும் 3 டன். ஆகமொத்தம் 26 டன். கீழே நிற்கும் சின்னக் கார் ஒரு டன்கூட வராது.

பழைய ஷெட்டின் கூரையோ, ஆள் ஏறித் துணி காயப்போடும் அளவுக்குத்தான் போடப்பட்டிருக்கும். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு விதி கேட்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. இந்தப் பரப்புக்கு மொத்தம் இரண்டரை டன். வடாம் காயவைக்கப் போட்ட தளத்தை அறையின் தரையாக்குவதில்தான் சிக்கலே. சுமையில் பாதிக்கு மேல் சுவர்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். அறைக்குள் என்ன வைக்கிறோம் என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை.

எல்லா ஷெட்டும் ஒரே மாதிரி இல்லை. முன்னால் இரண்டு பில்லர், பின்னால் பீமை வீட்டுச் சுவரில் செருகி நிறுத்தியது ஒரு வகை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவராக இருந்தால், பீம் உட்காரும் அந்த ஓரடி இடத்தில் மட்டும் பாரம் குவிந்து செங்கல் நொறுங்கத் தொடங்கும். மற்றொரு வகை, பில்லரே இல்லாமல் வீட்டிலிருந்து நீட்டிய போர்டிகோ. பார்க்க அழகு, மாடி எடுக்க மிக ஆபத்து.

இரண்டு பக்கமும் தாங்கல் உள்ள தளம் பாரத்தில் நடுவே தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். காங்கிரீட் நசுக்கலைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். அதனால் கம்பி அடியில் கிடக்க வேண்டும். நீட்டிய போர்டிகோவில் இது தலைகீழ்: முனை தாழும்போது மேல்பக்கம் இழுபடுகிறது, கம்பி மேலே இருந்தாக வேண்டும். காங்கிரீட் போடும் நாளை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், சட்டி தூக்கும் ஆட்கள் அந்தக் கம்பி மேலேதான் நடப்பார்கள். தாங்கு கம்பி சரியாக வைக்காவிட்டால் அது மிதிபட்டுக் கீழே போகும். ஐந்து அங்குலத் தளத்தில் மேலிருந்து ஓரங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி நடுமட்டத்துக்கு இறங்கினால், தளத்தின் தாங்கு திறனில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடுகிறது. பூச்சுக்குள் மறைந்துவிட்ட இந்தக் குறை, மேலே துணி மட்டும் காயப்போடும் வரை வெளியே தெரியாது. ஒரு சுவரின் எடையைத் தளம் முழுக்கப் பரப்பி வைத்தால் எவ்வளவு வளைவு விசை வருமோ, அதே எடையை முனையில் வைத்தால் அதுபோல் இரண்டு மடங்கு வரும். அறையின் வெளிச்சுவர் வந்து உட்காருவது அந்த முனையில்தான்.

சரி, பில்லரில் விட்ட கம்பி இருக்கிறதே என்றால், அதையும் நம்ப முடியாது. 12 மி.மீ. கம்பி துருவில் தேய்ந்து 10 மி.மீ. ஆனால், வலிமையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போச்சு. தேய்மானம் அதிகம் காங்கிரீட்டைவிட்டு வெளியேறும் கழுத்தில். மழைத்தண்ணீர் நிற்பது அங்கேதான். புதுக் கம்பியோடு இணைக்க விட்டத்தைப்போல் சுமார் 50 மடங்கு நீளம், அதாவது இரண்டடி வேண்டும். பல மாடிகளில் நீட்டிக்கொண்டிருப்பது ஒரு முழம்கூட இல்லை.

உள்ளே புதைந்த கம்பியின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பில்லரில் சிறிது உடைத்து, புதிதாகத் தெரியும் முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். நல்ல காங்கிரீட் காரத்தன்மை உள்ளது. அடர் ரோஸ் நிறத்துக்கு மாறும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பல ஆண்டுகளாக ஊடுருவி அந்தக் காரத்தைக் கொன்ற பகுதி நிறம் மாறாது. நிறமற்ற பட்டை கம்பி வரை போயிருந்தால் கம்பியின் காவல் போய்விட்டது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் காங்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதற்கும் முன்னால், பில்லர் ஓரம் ஒரு குழி தோண்டிக் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். செம்மண்ணும் அடியில் சிதைந்த பாறையும் இருந்தால் அதிர்ஷ்டம். கரிசல் திட்டாக இருந்தால் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். வீட்டின் கடைக்கால் பல வருஷம் அழுந்தி அழுந்தி நிலைத்துவிட்டது. புதுப் பாரம் ஏறும் ஷெட்டோ இனிமேல்தான் அழுந்தும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் இணைப்பில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடும்.

அதனால், பழைய ஷெட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் வெளியே தனிக் கடைக்கால் போட்டுப் புதிதாக நான்கு பில்லர் எழுப்பி, அறையை அதன் மேல் உட்கார வைப்பதே என் கணக்கில் சரி. வீட்டுச் சுவரோடு சேராமல் ஓரங்குல இடைவெளி விட்டு நெகிழும் பொருளால் அடைக்கலாம். செங்கல்லுக்குப் பதில் இலேசான ஏஏசி காங்கிரீட் பிளாக் வைத்தால் 15 டன் சுவர் ஐந்து டன்னுக்குள் அடங்கும். செலவு கூடும் என்று மேஸ்திரி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அந்த நான்கு பில்லரும் ஒல்லியாக இருக்கக் கூடாது. மேலே சுவர் அடைத்த அறை, கீழே திறந்த கால்கள் என்ற அமைப்பு பூகம்பத்தில் கீழ்த்தளத்தில் முறிகிறது. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் கீழே கார் நிறுத்தத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன. 2002இல் வெளியான இந்திய நிலநடுக்க விதி அகமதாபாத்தையும் சேலத்தையும் ஒரே மூன்றாம் மண்டலத்தில்தான் வைத்தது. கோவைப் பக்கம் 1900 பிப்ரவரியில் ரிக்டர் அளவில் சுமார் 6 வரை அதிர்ந்ததும் நினைவில் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் ஒரு முட்டுக்கட்டை மிச்சம். கார் ஷெட் நிற்பது பெரும்பாலும் பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்தில். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019 அந்த இடைவெளியை மாடிக்கும் சேர்த்தே கேட்கின்றன. ஆகவே இன்ஜினியரைக் கூப்பிடும் முன்பே, டேப்பை எடுத்து மதில் வரை அளந்து பார்த்துவிட்டால் அவருடைய ஃபீஸாவது மிஞ்சும்.