ரீஃப் டேங்க்கில் பவளம் காடா வளருதா? கத்தரி எடுக்கும் முன் இதைப் படிங்க!

அம்பத்தூரில் இருந்து பைக்கை எடுத்தா, கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது. அந்தப் பழக்கத்தில் வீட்டில் கடல் தொட்டியும் வெச்சு, சாஃப்ட் கோரல்னு சொல்ற மென்பவளம் வளர்க்கிறீங்களா? இது உங்களுக்குத்தான்.

முதல்ல சட்டம். பாறை மாதிரி கூடு கட்டும் கடின பவளங்களும் கடல் விசிறியும், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. புலி இருக்கும் அதே பட்டியல்! அதனால், என்ன வகைன்னு உறுதியாத் தெரியாத பவளத்தை வாங்கவே வாங்காதீங்க.

ஏன் வெட்டணும்?

ஸீனியா, க்ரீன் ஸ்டார் பாலிப் போன்றவை வேகமா பரவும். பக்கத்துப் பவளத்துக்கு வெளிச்சத்தை மறைக்கும், அதன் மேலேயே படர்ந்து மூடிடும். பாறை முழுக்கப் பரவின பிறகு பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். ஓரம் தாண்டும்போதே வெட்டிடுங்க.

எப்படி வெட்டணும்?

* கையுறை, கண்ணாடி போட்டுக்கோங்க.
* பாறையோடு வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய டப்பில் வைங்க. வெட்டினா வர்ற வழவழப்பு தொட்டியில் கலக்காது.
* ஸீனியாவைத் தண்டில் வெட்டுங்க. அடிப்பகுதி திரும்பவும் துளிர்க்கும். ஸ்டார் பாலிப்பை, பாய் சுருட்டுற மாதிரி ஓரத்திலிருந்து உரிச்சு வெட்டுங்க.
* வேற டப்பில் எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசிட்டுத் திரும்ப வைங்க. அன்னிக்கு கொஞ்சம் தண்ணீர் மாத்தி, ஆக்டிவேட்டட் கார்பனும் போட்டா நல்லது.

பட்டன் பாலிப்... உஷார்!

ஸோவாந்திட்ஸ் எனும் இந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கு. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷரில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தப்போ வெளியான நஞ்சால் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க இதை வெட்டவே வேண்டாம். இது ஒட்டின பாறை மேல கொதிநீர் ஊத்துறது, பிரஷ் வெச்சுத் தேய்க்கிறது கூடவே கூடாது. நஞ்சு ஆவியோடும் தண்ணீர்த் துளியோடும் காத்துல கலந்து, பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களையும் பாதிக்கலாம்.

மிச்சத் துண்டுகளை?

வேற தொட்டி வெச்சிருக்கும் நண்பருக்குக் கொடுக்கலாம். ஒரு கல்லில் லேசா ரப்பர் பேண்ட் போட்டு விட்டா, தானே ஒட்டிக்கும். யாருக்கும் வேண்டாம்னா கவரில் கட்டி குப்பையில் போடுங்க. 'பாவம், உயிராச்சே'ன்னு மெரினாவில் விட்டுடாதீங்க. வெனிசுலா கடலில், மீன்தொட்டி வியாபாரம் வழியா போய்ச் சேர்ந்த ஒரு மென்பவளம் அங்கிருந்த பவளத்திட்டுகளையே மூடிட்டு வருது. தொட்டியில் ஒரு பாறையில் நீங்க பார்த்த அதே பரவல்தான். அங்கே வெட்டி முடிக்க யாராலும் முடியலை.